கழுகை நோக்கும் கண்



இன்று மாலை நாம் ஒரே ஓர் ஓவியத்தைப் பார்க்கப்போகிறோம். பீட்டர் பால் ரூபென்ஸ் வரைந்த ‘கட்டுண்ட புரோமிதியஸ்’. 1611, 1612 வாக்கில் ஆண்ட்வெர்ப் நகரத்தில் தொடங்கி, 1618க்குள் முடித்த ஓவியம். இன்று அமெரிக்காவில் ஃபிலடெல்ஃபியா கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இந்த ஓவியத்திடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்கப்போகிறேன். தண்டனை அனுபவிக்கும் ஓர் உடலைப் பார்க்கும்போது, அது குற்றவாளியின் உடலா, நன்மை செய்தவனின் உடலா என்று நமக்கு எப்படித் தெரிகிறது?

விடை சுலபம் என்று தோன்றும். கதை தெரிந்தால் போதாதா என்று கேட்பீர்கள். போதாது என்பதைத்தான் காட்ட நினைக்கிறேன்.

கதையைச் சொல்லுமுன் படத்தைப் பார்ப்போம். விளக்கைச் சற்றுக் குறைக்கச் சொல்கிறேன். திரையைப் பாருங்கள். யாரும் பேச வேண்டாம். முதலில் எதைப் பார்த்தீர்கள் என்று மட்டும் மனத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

பெரும்பாலோர் முதலில் பார்ப்பது இறகுகளை. படத்தின் மேற்பாதியை ஏறக்குறைய முழுவதும் அடைத்துக்கொண்டு ஒரு கழுகு சிறகை விரித்திருக்கிறது. அதன் கீழே வெளிச்சத்தில் ஒரு மனித உடல். அந்த உடல் எப்படிக் கிடக்கிறது? கால்கள் மேலே, தலை கீழே. பாறையிலிருந்து சரிந்து நம்மை நோக்கி விழுந்துகொண்டிருப்பதுபோல் கிடக்கிறது. சங்கிலி மட்டும் இல்லையென்றால் சட்டத்தைத் தாண்டி நம் காலடியில் வந்து விழுவான். கோணலாக, மேலிருந்து கீழாக, மூலைக்கு மூலை போகும் ஒரு கோடுதான் இந்த ஓவியத்தின் முதுகெலும்பு. நிமிர்ந்து நிற்பது என்று இதில் எதுவுமே இல்லை. கண் ஊன்றி நிற்க ஓர் இடம் கிடைக்காமல் சரிகிறது. பரோக் என்று நாம் சொல்லும் பதினேழாம் நூற்றாண்டுக் கலையின் வேகம் என்ன என்று யாராவது கேட்டால், விளக்கம் எதுவும் வேண்டாம், இந்தச் சரிவைக் காட்டினால் போதும்.

அளவையும் சொல்லிவிடுகிறேன். உயரம் ஏறத்தாழ 243 சென்டிமீட்டர், அகலம் ஏறத்தாழ 210. எட்டடி உயரம், ஏழடி அகலம். திரையில் பார்ப்பது வேறு, நேரில் நிற்பது வேறு. நேரில் நிற்பவருக்கு அந்த உடல் தம் உடலைவிடப் பெரியது. தலைகீழான அந்த முகம் சட்டத்தின் அடிப்பக்கத்தை ஒட்டி, பார்ப்பவரின் பக்கமாக இறங்கியிருக்கிறது.

இப்போது கழுகின் அலகைப் பாருங்கள். விலாவைக் கிழித்து ஈரலைப் பற்றி இழுக்கிறது. இரத்தம் வழிகிறது. அதன் கால்களைப் பாருங்கள். ஒரு கால் அவன் தொடையிடுக்கில் ஊன்றியிருக்கிறது. மற்றொன்று எங்கே? அவன் முகத்தில். நகங்கள் நெற்றியில், கண்ணை ஒட்டிப் பதிந்திருக்கின்றன. அந்தக் கழுகு அவன் முகத்தையே மிதிகல்லாக வைத்துக்கொண்டு நின்று தின்கிறது.

அந்த முகத்தில் அவன் கண்ணைப் பாருங்கள். அது மூடவில்லை. மயங்கிச் செருகவும் இல்லை. அவன் கழுகைப் பார்க்கிறான். கழுகும் அவனைப் பார்க்கிறது. இருவர் பார்வையும் முட்டிக்கொண்டு நிற்கிறது. இந்தப் பார்வைக்குத் திரும்பி வருவேன். இன்று நான் சொல்ல வந்ததெல்லாம் இதில்தான் இருக்கிறது.

இடப்பக்கம் கீழ் மூலையில் ஒன்று பாக்கியிருக்கிறது. ஒரு தீப்பந்தம். கீழே விழுந்து கிடக்கிறது, ஆனால் அணையவில்லை.

சரி, இனிக் கதைக்கு வருவோம். கிரேக்கப் புராணத்தில் புரோமிதியஸ் டைட்டன் இனத்தவன், தேவர்களுக்கும் மூத்த குலம். ஹீசியட் என்னும் பழங்கவிஞர் கதையை இப்படிச் சொல்கிறார். பலியிட்ட மாட்டை மனிதருக்கும் தேவருக்கும் பங்கு பிரிக்கும்போது, புரோமிதியஸ் நல்ல இறைச்சியை மாட்டின் இரைப்பைக்குள் மறைத்து வைத்தான். வெறும் எலும்பைப் பளபளக்கும் கொழுப்பால் போர்த்தி வைத்தான். தலைமைத் தேவனான சீயஸுக்கு எலும்புதான் வாய்த்தது. கோபங்கொண்ட சீயஸ் மனிதருக்கு நெருப்பைத் தராமல் மறைத்தான். புரோமிதியஸ் விடுவானா? பெருஞ்சீரகச் செடியின் உள்ளீடற்ற தண்டுக்குள் நெருப்பை ஒளித்துக் கொண்டுவந்து மனிதர் கையில் கொடுத்தான். தண்டனை என்ன? சங்கிலியில் பிணைப்பு. பகலெல்லாம் சீயஸின் கழுகு அவன் ஈரலைத் தின்னும். இரவில் ஈரல் வளர்ந்துவிடும். விடிந்ததும் கழுகு வரும். பல காலம் கழித்து மாவீரன் ஹெராக்ளிஸ் வந்து அந்தக் கழுகைக் கொல்லும்வரை இப்படியே.

கிரேக்க நாடகக் கவிஞர் எஸ்கிலஸ் பெயரில் வழங்கும் நாடகம் ஒன்று இருக்கிறது. அதில் புரோமிதியஸ் இன்னும் பெரியவனாகிறான். நெருப்போடு எண்ணும் எழுத்தும் மருத்துவமும் கப்பல் கட்டும் கலையும் மனிதருக்குத் தந்தவன் தானே என்கிறான். அதோடு, சீயஸின் ஆட்சிக்கு முடிவு எப்படி வரும் என்ற இரகசியமும் அவனிடம் இருக்கிறது. கேட்டு மிரட்டுகிறார்கள், அவன் சொல்ல மறுக்கிறான். கட்டிப்போட்டவனுக்கே கட்டுண்டவனிடம் அச்சம்! இதை நினைவில் வையுங்கள்.

இப்போது என் கேள்வியைக் கொஞ்சம் கடினமாக்குகிறேன். அதே கிரேக்கப் புராணத்தில் இன்னொருவன் இருக்கிறான். பெயர் டிட்டியஸ். அரக்கன். அப்போலோவின் தாயாகிய லீட்டோவைப் பலவந்தம் செய்ய முயன்றவன். அவனுக்கு என்ன தண்டனை தெரியுமா? பாதாளத்தில் கட்டுண்டு கிடப்பான், பறவைகள் அவன் ஈரலைத் தின்னும். அதே கட்டு, அதே ஈரல், அதே அலகு! ஒருவன் பெண்ணைத் தீண்டப்போன கயவன். இன்னொருவன் மனித குலத்துக்கு நெருப்புத் தந்தவன். தண்டனை மட்டும் ஒன்று. கவிஞனுக்குக் கவலையில்லை, இன்னான் இன்ன செய்தான் என்று சொல்லிவிட்டுப் போவான். ஓவியன் என்ன செய்வான்? கட்டிய உடல் ஒன்று, கொத்தும் பறவை ஒன்று, அவ்வளவுதானே அவன் கையில் இருக்கிறது?

இந்தச் சிக்கல் என் கற்பனை அல்ல. ரூபென்ஸுக்கு முன்னே இருந்த மாபெரும் முன்மாதிரிகள் இரண்டும் டிட்டியஸ் படங்கள்தாம்.

முதலாவது மைக்கலாஞ்சலோவின் வரைபடம். 1532ல் தம் இளம் நண்பர் தொம்மாசோ தெ கவாலியேரிக்குப் பரிசாக வரைந்து தந்தது. இன்று இங்கிலாந்து அரச குடும்பத்தின் சேகரிப்பில் வின்ட்ஸர் கோட்டையில் இருக்கிறது. அழகான ஓர் உடல் பாறைமேல் கிடக்கிறது, மேலே பெரிய பறவை. அதில் பெரிய அலறல் இல்லை, இரத்தமும் இல்லை. அந்தத் தாளைத் திருப்பினால்தான் வியப்பு. பின்புறத்தில் மைக்கலாஞ்சலோ அதே உடலின் கோட்டை ஒற்றி எடுத்திருக்கிறார். தாளைச் செங்குத்தாகத் திருப்பி, கிடந்த உடலை நிற்க வைத்திருக்கிறார். நிற்க வைத்ததும் அது யாராகிறது? கல்லறையிலிருந்து உயிர்த்தெழும் இயேசு! முன்பக்கத்தில் பாவி, பின்பக்கத்தில் மீட்பர். இரண்டுக்கும் ஒரே உடல். நண்பர்களே, ஓர் உடலின் வடிவம் தானாக எந்த நீதியையும் சொல்வதில்லை என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

இரண்டாவது, இத்தாலிய ஓவியர் டிஷியனின் படம். நெதர்லாந்து நாடுகளை ஆண்ட ஹங்கேரியின் மேரி 1548ல் தம் பேன்ஷ் மாளிகைக்காக அவரிடம் நான்கு படங்கள் கேட்டார். டிட்டியஸ், சிசிபஸ், டான்டலஸ், இக்ஸியான் என்று நால்வரும் தேவர்களை மீறியவர்கள், நால்வரும் முடிவில்லாத் தண்டனை அனுபவிப்பவர்கள். ஏன் இந்த நால்வர்? மேரியின் அண்ணன் பேரரசர் ஐந்தாம் சார்லஸ் அதற்கு முந்தைய ஆண்டுதான் தமக்கு எதிராக எழுந்த ஜெர்மானிய இளவரசர்களைப் போரில் வென்றிருந்தார். அரசை மீறினால் இதுதான் கதி என்று விருந்தினர் கண்முன் மாட்டிய எச்சரிக்கை அது. ஆட்சியாளரின் சுவரில் தொங்கும் ஓவியம் ஆட்சியாளரின் பக்கம்தான் பேசும். அந்த டிட்டியஸ் இன்று மாட்ரிட் பிராடோ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதன் ஓரத்தில் ஒரு பாம்பு நெளிகிறது. இது பாதாளம், இவன் பாவி என்பதற்கு அந்தப் பாம்பே அடையாளம்.

ரூபென்ஸ் இவற்றிலிருந்து கற்றார். 1600 முதல் 1608 வரை இத்தாலியில் இருந்தவர். மான்டுவா கோமகன் வின்சென்சோ கொன்சாகாவின் ஓவியராகப் பணியாற்றினார். 1603ல் கோமகனின் பரிசுப் பொருள்களோடு ஸ்பெயினுக்குப் போய், அங்கே அரசரிடமிருந்த டிஷியன்களைக் கண்ணார நின்று பார்த்தார். ரோமில் மைக்கலாஞ்சலோவைப் படித்தார். அங்கே வத்திக்கானில் லாவோகூன் சிலையை மீண்டும் மீண்டும் வரைந்தார். 1506ல் ரோம் நகரத்தில் மண்ணுக்குள்ளிருந்து கிடைத்த சிலை அது. பாம்புகள் சுற்றிய தந்தையும் மகன்களும் வேதனையில் முறுக்கிக்கொண்டு நிற்கும் சிலை. வேதனையில் தசை எப்படித் திரளும், வயிறு எப்படி உள்வாங்கும், விலா எப்படி விரியும் என்பதை அந்தக் கல் ஐரோப்பாவுக்கே கற்றுக்கொடுத்தது.

ஆனால் ரூபென்ஸ் ஓர் எச்சரிக்கையும் வைத்திருந்தார். பழஞ்சிலைகளைப் படிப்பது எப்படி என்று லத்தீனில் ஒரு சிறு கட்டுரை எழுதியிருக்கிறார். சிலைகளைக் கரைத்துக் குடியுங்கள், ஆனால் உங்கள் ஓவியத்தில் கல்வாடை அடிக்கக் கூடாது என்பதே அதன் சாரம். கல்லில் நிழல் ஒரு மாதிரி விழும், தோலில் வேறு மாதிரி விழும். தோலில் ஒளி கொஞ்சம் உள்ளே இறங்கித் திரும்புகிறது. புரோமிதியஸின் மார்பைப் பாருங்கள். இளமஞ்சள், ரோஜா நிறம், நிழல் தொடங்கும் இடத்தில் லேசான நீலச்சாம்பல், ஓரங்களில் செம்மை. தொட்டால் சூடாக இருக்கும் போலிருக்கிறது. அந்தச் சூடு இருப்பதால்தான் அலகு கிழிக்கும் இடத்தில் நமக்கு வயிறு சுருங்குகிறது. சிலையைக் கழுகு கொத்தினால் யாருக்கு வலிக்கும்?

இனிக் கழுகு. இந்தக் கழுகு ரூபென்ஸ் வரைந்தது அல்ல!

ஆம். உடல் ரூபென்ஸ், பறவை ஃபிரான்ஸ் ஸ்னைடர்ஸ். ஆண்ட்வெர்ப்காரர், ரூபென்ஸைவிட இரண்டு வயது இளையவர், விலங்கும் பறவையும் கனியும் வரைவதில் நிகரற்றவர். இந்தக் கழுகுக்காக அவர் மையால் வரைந்து பார்த்த தாள் லண்டனில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இது நமக்கு எப்படித் தெரியும்? ரூபென்ஸே சொல்லியிருக்கிறார். 1618 ஏப்ரலில் ஹேக் நகரத்திலிருந்த ஆங்கிலத் தூதர் சர் டட்லி கார்ல்டனுக்கு ஒரு கடிதம் எழுதினார். கார்ல்டனிடம் பழங்காலப் பளிங்குச் சிலைகள் இருந்தன, ரூபென்ஸுக்கு அவற்றின்மேல் ஆசை. பதிலுக்கு ஓவியங்கள் தருகிறேன் என்று ஒரு பட்டியல் அனுப்பினார். பட்டியலின் தலையிலேயே நிற்பது புரோமிதியஸ். விலை 500 கில்டர். இது என் கையால் வரைந்த மூலம், கழுகு மட்டும் ஸ்னைடர்ஸ் செய்தது என்று ஒளிவுமறைவின்றி எழுதுகிறார். அதே பட்டியலில் சிங்கங்களுக்கு நடுவே தானியேல் 600 கில்டர், முழுக்கத் தம் கையால் ஆனது. வேறு சிலவற்றில் மாணவர் தொடங்கியது, நான் திருத்தியது என்ற குறிப்பும் உண்டு. எந்தக் கை எங்கே பட்டது என்று வாங்குபவருக்குச் சொல்லிவிட்டு விற்ற அந்த நேர்மையை நான் மிகவும் மதிக்கிறேன்.

இரண்டு கைகள் என்று தெரிந்த பிறகு படத்தைப் பாருங்கள், வேறு மாதிரித் தெரியும். இறகுகளில் தூரிகை இறுக்கமாகப் போகிறது. ஒவ்வோர் இறகும் தனித்தனி, ஒவ்வொன்றின் நடுத்தண்டும் தெரிகிறது, உலர்ந்து விறைத்து நிற்கிறது. உடலில் தூரிகை நெகிழ்ந்து, ஒரு நிறம் இன்னொன்றில் கரைந்து ஓடுகிறது. ஒருவர் வறட்சியை வரைகிறார், ஒருவர் ஈரத்தை வரைகிறார். இருவரும் சந்திக்கும் இடம் எது? காயம்! அலகும் ஈரலும் சேரும் அந்த ஓரிடத்தில்தான் ஸ்னைடர்ஸின் கையும் ரூபென்ஸின் கையும் தொட்டுக்கொள்கின்றன. திட்டமிட்டுச் செய்தார்களோ இல்லையோ, தாக்குபவனும் தாங்குபவனும் வெவ்வேறு பொருளால் ஆனவர்களாகவே நமக்குத் தெரிகிறார்கள். ஒருவரே வரைந்திருந்தால் இவ்வளவு அந்நியம் வந்திருக்காது என்பது என் எண்ணம்.

அன்றைய பார்வையாளர் என்ன உணர்ந்தார்கள்? ஒரு சாட்சி கிடைத்திருக்கிறது. லைடன் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் டொமினிக்கஸ் பவுடியஸ் 1612ல் ரூபென்ஸின் புரோமிதியஸ் பற்றி லத்தீனில் கவிதை எழுதினார். ஓவியம் அந்த ஆண்டுக்குள் உருப்பெறத் தொடங்கிவிட்டது என்று அறிஞர்கள் கணிக்க அந்தக் கவிதையும் ஓர் ஆதாரம். படித்த பேராசிரியர், கதையின் தத்துவத்தைப் பற்றிப் பேசியிருக்கலாம். அவர் மனம் போன இடம் பறவையின் சீற்றமும் வழியும் இரத்தமும்தான். நானூறு ஆண்டுக்கு முன்னாலும் முதலில் வயிறுதான் சுருங்கியிருக்கிறது!

இந்த ஓவியத்துக்கு இரண்டு விளக்கங்கள் செல்வாக்கோடு இருக்கின்றன. இரண்டையும் மதிக்கிறேன், ஆனால் எதையும் என்னால் முழுமையாக ஏற்க முடியவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

ஒன்று ஸ்டோயிக் தத்துவ விளக்கம். ரூபென்ஸின் அண்ணன் ஃபிலிப், லூவனில் பேராசிரியர் யுஸ்டஸ் லிப்ஸியஸின் அருமை மாணவர். லிப்ஸியஸ், பழைய ரோமானியத் தத்துவஞானி செனகாவின் தத்துவத்தைக் கிறித்தவ ஐரோப்பாவுக்கு மீட்டுக் கொடுத்தவர். விதி எதைக் கொண்டுவந்தாலும் உள்ளம் அசையாதே என்பது அந்தத் தத்துவம். அண்ணன் 1611ல் இறந்துபோனார். அந்தத் துயரத்தை ஒட்டிய ஆண்டுகளில் ரூபென்ஸ், அண்ணனையும் லிப்ஸியஸையும் தம்மையும் செனகாவின் சிலையோடு சேர்த்து வரைந்தார். இறக்கும் செனகாவையும் வரைந்தார். ஆகவே புரோமிதியஸும் அசையாத உள்ளத்தின் உருவம் என்கிறார்கள்.

அசையாத உள்ளமா? அந்த உடலைப் பாருங்கள்! விலங்கு மாட்டிய கை முஷ்டியாக இறுகியிருக்கிறது. கால் மடங்கி உதைக்கிறது. தலைமயிர் கலைந்து சிலிர்க்கிறது. ரூபென்ஸ் வரைந்த செனகா நின்றபடியே, சொல்லிக்கொண்டே இறக்கிறார். இவன் போராடுகிறான். வலி இவனுக்குப் பொருட்டில்லை என்று சொல்ல இந்த ஓவியத்தில் ஓர் அங்குலம்கூட இடமில்லை.

மற்றொன்று கிறித்தவ விளக்கம். 1610, 1611ல் ரூபென்ஸ் சிலுவையை உயர்த்தும் காட்சியை மாபெரும் அளவில் வரைந்தார், இன்று ஆண்ட்வெர்ப் பேராலயத்தில் இருக்கிறது. அதிலும் இதே கோணல் கோடு, இதே ஒளிவீசும் உடல், இதே தசை. விலாவில் காயம், மனிதருக்காகப் பட்ட பாடு. ஆகவே புரோமிதியஸ், இயேசுவின் நிழல் என்கிறார்கள். ஓவியக் கலையளவில் இரண்டும் உடன்பிறப்புகள் என்பதில் எனக்கு ஐயமே இல்லை. ஒரே பட்டறை, ஒரே கை, அடுத்தடுத்த ஆண்டுகள்.

ஆனால் கண்ணைப் பாருங்கள், நண்பர்களே, கண்ணைப் பாருங்கள்!

சிலுவையில் உயர்த்தப்படும் இயேசு எங்கே பார்க்கிறார்? மேலே, வானத்தை. சுற்றி இத்தனை பேர் இழுக்கிறார்கள், தள்ளுகிறார்கள், அவர் பார்வை அவர்களைக் கடந்து தந்தையிடம் போய்விட்டது. அதே ரூபென்ஸ், கல்லெறிபட்டு இறக்கும் புனித ஸ்தேவானையும் வரைந்திருக்கிறார், பிரான்சில் வலான்சியென் நகரத்தில் இருக்கிறது. கல்லைத் தூக்குகிறவர்கள் நாலாபக்கமும் நிற்க, அவர் எங்கே பார்க்கிறார்? மேலே. அங்கே வானம் திறந்திருக்கிறது. நாக்கு பிடுங்கப்படும் புனித லிவினஸின் படம் பிரஸ்ஸல்ஸில் இருக்கிறது. கீழே கொடுமை நடக்கையில் மேலே வானம் பிளந்து தேவதூதர்கள் இறங்குகிறார்கள். அக்காலத்து வேதசாட்சி ஓவியங்களை வரிசையாகப் பார்த்துக்கொண்டே போங்கள். கொடுமை செய்பவன் கீழே அல்லது பக்கத்தில் இருப்பான். நீதி வழங்குபவன் மேலே இருப்பான். வேதனைப்படுபவனின் கண் கொடியவனைத் தாண்டி, நீதிபதியை நோக்கிப் பறந்துவிடும். அந்தப் பார்வை போகும் வழிதான் பார்ப்பவருக்கு ஆறுதல். இவன் தனியாக இல்லை, மேலே ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்ற ஆறுதல்.

புரோமிதியஸுக்கு மேலே என்ன இருக்கிறது? சிறகு!

வானம் இருக்கவேண்டிய இடத்தைச் சிறகு அடைத்துக்கொண்டிருக்கிறது. அதுவும் யாருடைய பறவை? சீயஸின் பறவை. வானத்தை ஆள்பவனின் சின்னமே அந்தக் கழுகு. முறையிடுவதற்கு மேலே போனால் அங்கேயும் அதே அலகு! தண்டித்தவன்தான் நீதிபதி, நீதிபதிதான் தண்டித்தவன். இவன் கண் தாண்டிப் போவதற்கு இடமே இல்லை. அதனால்தான் அது கழுகின் கண்ணிலேயே போய் நிற்கிறது.

வேதசாட்சியின் கண்ணில் நம்பிக்கை இருக்கிறது. தத்துவ ஞானியின் கண்ணில் அமைதி இருக்கிறது. இவன் கண்ணில் இருப்பது என்ன? நான் பலவிதமாகச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். கெஞ்சல் இல்லை, அது நிச்சயம். நீ செய்வதை நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்கிற உறுதி அது. நகம் கண்ணருகே ஊன்றியிருக்கிறது. அடுத்த நொடி கண்ணே போகலாம். கண்ணை மூடினால் தப்பலாமோ என்று எந்த உடலுக்கும் தோன்றும், அது இயல்பு. இவன் மூடவில்லை. எஸ்கிலஸ் பெயரில் வழங்கும் நாடகத்தில் இரகசியத்தைச் சொல்ல மறுத்தவனை நினைவில் வைக்கச் சொன்னேன் அல்லவா? அங்கே அவன் வாயை மூடி மறுத்தான். இங்கே கண்ணைத் திறந்து மறுக்கிறான். இரண்டும் ஒரே மறுப்பு.

குற்றவாளியா, கொடையாளியா என்று தொடக்கத்தில் கேட்டேன். டிஷியன் பாம்பை வைத்தார். ரூபென்ஸ் பந்தத்தை வைத்தார். பெயர் சொல்ல அது போதும், டிட்டியஸ் அல்ல, புரோமிதியஸ் என்று நமக்குத் தெரிந்துவிடும். ஆனால் பந்தம் வழக்கின் சான்றுப்பொருள் மட்டுமே. திருடினான் என்பதற்கும் அதுவே சான்று, கொடுத்தான் என்பதற்கும் அதுவே சான்று. மேரி அரசியின் விருந்தினர் அந்தப் பந்தத்தைப் பார்த்தால், பாருங்கள், கையும் களவுமாகப் பிடிபட்டவன் என்று சொல்லியிருப்பார்கள். இன்று விளக்கொளியில் அமர்ந்திருக்கும் நாம் வேறு சொல்வோம். பந்தம் எந்தப் பக்கமும் பேசும். ஒரே பக்கம் பேசுவது அந்தக் கண் ஒன்றுதான். தலைகீழாகத் தொங்கும் அந்த முகத்துக்கு நேராக, அதன் உயரத்துக்கு நம்மைக் குனியவைத்து, அது எதைப் பார்க்கிறதோ அதை நம்மையும் பார்க்க வைக்கிறார் ரூபென்ஸ். தண்டிப்பவனின் இடத்திலிருந்து நாம் பார்க்கவில்லை. தண்டனை விழும் இடத்திலிருந்து அண்ணாந்து பார்க்கிறோம். அரண்மனைச் சுவரில் எச்சரிக்கையாகத் தொங்கிய ஓர் உருவத்தை எடுத்து, அதே கட்டு, அதே ஈரல், அதே பறவையை வைத்துக்கொண்டு, பார்ப்பவரை மட்டும் இடம் மாற்றி உட்கார வைத்துவிட்டார். இதை நான் பெரிய துணிச்சல் என்று சொல்வேன். ஆல்பர்ட், இசபெல்லா என்னும் ஆட்சியாளர் இருவருக்கும் அரசவை ஓவியராக இருந்துகொண்டே செய்தார் என்பதையும் மறக்க வேண்டாம். அரசை எதிர்க்க வரைந்தார் என்று நான் சொல்லவில்லை, அதற்கு ஆதாரம் கிடையாது, அவர் வாழ்நாள் முழுவதும் அரசர்களின் நண்பர், தூதர். ஆனால் அவர் கை மனிதனின் பக்கம் நின்று வரைந்தது.

ரூபென்ஸுக்குப் பின் வந்தவர்களைப் பற்றி ஒரு சொல். 1623ல் உட்ரெக்ட் நகரத்து டிர்க் வான் பாபுரன், புரோமிதியஸுக்கு விலங்கு பூட்டும் காட்சியை வரைந்தார். பூட்டுபவர் கொல்லர் தேவனான வல்கன். அதிலும் தலைகீழாகச் சரியும் உடல்தான், ஆனால் கழுகு கொத்தத் தொடங்குவதற்கு முந்தைய நேரம். ஆம்ஸ்டர்டாமில் இருக்கிறது. 1640 வாக்கில் ரூபென்ஸின் ஊர்க்காரரான யாக்கோப் யோர்டான்ஸ் தம் புரோமிதியஸை வரைந்தார். ஜெர்மனியில் கொலோன் நகரத்து வால்ராஃப் ரிஷார்ட்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ரூபென்ஸின் படத்தை யோர்டான்ஸ் நன்றாக அறிந்தவர் என்பது பார்த்த மாத்திரத்தில் தெரியும். ஆனால் அதில் மூன்றாவதாக ஓர் ஆள் உண்டு, தேவர்களின் தூதனான ஹெர்மிஸ். அவன் குனிந்து பார்த்துக்கொண்டிருக்கிறான். வேடிக்கை பார்க்க ஒருவர் வந்துவிட்டால் வேதனையின் பொருள் மாறுகிறதா, இல்லையா?

அதை நான் சொல்லப்போவதில்லை. இப்போது அந்த யோர்டான்ஸைத் திரையில் காட்டச் சொல்கிறேன். முதலில் புரோமிதியஸின் வாயைப் பாருங்கள், பிறகு கண் எங்கே போகிறது என்று பாருங்கள். ஐந்து நிமிடம் எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு ஒலிவாங்கி உங்கள் பக்கம் வரும். பின்னால் நிற்கும் மாணவர்கள்தாம் முதலில் பேச வேண்டும் என்று அவைத் தலைவர் அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.